பதினாறும் பெற்றவர்கள்

1999ஆம் ஆண்டு, கோவைக்கு வெளியே ஒரு நூற்பாலை. பகல் ஷிப்ட் முடித்த பெண்கள் சாப்பாட்டுக் கூடத்து நீள பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். தாளில் பத்துக் கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் இப்படி இப்படி எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்று கேட்கும். பதிலுக்கு ஐந்து கட்டங்கள். ‘ஒருபோதும் இல்லை’யில் தொடங்கி ‘மிக அடிக்கடி’யில் முடியும். நான் சமூகப்பணியில் முதுகலை முடித்து, ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. “யாரும் பேர் எழுத வேண்டாம், மனசுல பட்டதை டிக் பண்ணுங்க” என்று மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்பித்தேன். கூடத்து வாசலில் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஒத்தாசையாக நிற்கிறார் என்றே நினைத்தேன்.

இருபது நிமிடமாவது ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஐந்தே நிமிடத்தில் தாள்கள் திரும்பி வந்தன. அறைக்குப் போய் விரித்துப் பார்த்தால், நாற்பது தாள்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. முதல் கட்டத்தில் மேலிருந்து கீழாக நேராகப் பத்து டிக். சிலர் அந்தச் சிரமம்கூடப் படாமல் ஒரே கோடாக இழுத்துவிட்டிருந்தார்கள்.

அந்தப் பத்துக் கேள்விகள் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் இரண்டு சகாக்களுடன் சேர்ந்து 1983இல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வந்தவை. முதலில் 14 கேள்விகள் இருந்தன. பிறகு பத்தாகச் சுருக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், ஆகக் கூடினால் 40. ஆறு கேள்விகள் கஷ்டத்தைக் கேட்கும். நான்கு கேள்விகள் நல்லதைக் கேட்கும்: பிரச்சினைகளைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்ததா, காரியங்கள் உங்கள் விருப்பப்படி நடந்தனவா என்பது போல. இந்த நான்குக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். ஆகவே முதல் கட்டத்தில் கோடு இழுத்தவருக்கு ஆறு கேள்விகளில் சைபர், நான்கு கேள்விகளில் தலா நான்கு. கூட்டினால் 16.

“எனக்கு ஒன்றுமே இல்லை” என்று சொன்ன பெண்களுக்கு நான் பதினாறு போட்டேன். 13 வரை குறைவு, 14 முதல் 26 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று ஒரு வரம்பு எல்லோர் கையிலும் புழங்குகிறது. இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை, இதற்கு வெட்டுக்கோடு கிடையாது என்று அளவுகோலை உருவாக்கியவரே சொல்லியிருப்பது எனக்கு அப்போது தெரியாது. ‘தொழிலாளர்களிடம் நடுத்தர அளவு மன அழுத்தம் காணப்படுகிறது’ என்று அறிக்கை எழுதினேன். மில் அலுவலகத்தில் காபியும் முறுக்கும் வந்தன. “நடுத்தரம்தானுங்களே, எல்லா எடத்துலயும் இருக்கறதுதானுங்க” என்றார் மேலாளர். இரண்டு தரப்புக்கும் திருப்தி.

என் பேராசிரியர் மட்டும் தாள்கட்டைக் கேட்டு வாங்கி, சீட்டுக்கட்டு போல விசிறிப் பார்த்தார். “ஏம்மா, எல்லாரையும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு வாழ்த்திட்டு வந்துட்டியா?” என்றார். அடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அவங்க எழுதறப்ப வாசல்ல யார் நின்னாங்க?”

இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்குள்தான் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

*

முதலில் சொற்களோடு பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ‘மன அழுத்தம்’ என்று அச்சில் போட்டுவிட்டால் தமிழாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இன்னொரு ஆலையில் வயதான ஒரு தொழிலாளியிடம், “ஐயா, உங்களுக்கு மன அழுத்தம் உண்டுங்களா?” என்று கேட்டேன். “போன வாரம்தான் பாத்தாங்க அம்மிணி. நூத்து முப்பது இருக்குது, உப்பக் கொறைக்கச் சொன்னாங்க” என்றார். அழுத்தம் என்றால் அவருக்கு பிரஷர்; பிரஷர் என்றால் கையில் பட்டை சுற்றிப் பார்ப்பது. அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. படித்தவர்களிடமும் இந்தச் சொல் தெளிவாக இல்லை. பத்திரிகைகள் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மன அழுத்தம் என்கின்றன, டிப்ரெஷனுக்கும் மன அழுத்தம் என்கின்றன. பின்னதற்கு மனச்சோர்வு என்ற சொல் இருந்தும் பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை.

ஆங்கிலக் கேள்வி ஒன்றில், காரியங்கள் எல்லாம் நம் பிடிக்குள் இருப்பதைக் குறிக்கும் ஒரு மரபுத்தொடர் வரும். அதை எங்கள் துறையில் யாரோ ‘எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதாக உணர்ந்தீர்களா’ என்று பெயர்த்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்துவிட்டு, “மாடியிலயாக்கா?” என்றாள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர் பெயர்ப்பது, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது, இரண்டையும் ஒப்பிடுவது என்று ஒரு முறை உண்டு. அதையும் செய்து பார்த்தோம். சிக்கல் என்னவென்றால் பெயர்ப்பவர்கள் இருவரும் எம்.ஏ. படித்தவர்கள். கேள்வி சேதமில்லாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேராது.

பிறகுதான் கேள்வியைக் கையில் எடுக்கும் முன் காதைத் திறந்து வைத்துக்கொள்ளப் பழகினேன். நூற்பாலையில் ‘தலை கிர்ருங்குது’. பனியன் கம்பெனியில் ‘டென்ஷன் ஏத்தறாங்க’. மருத்துவமனையில் ‘டியூட்டி முடிஞ்சும் காதுக்குள்ள பெல் அடிக்குது’. சென்னையில் ‘மண்டை காயுது’. யாருமே அழுத்தம் என்று சொல்லவில்லை. உடம்பில் எந்த இடம் என்று சொன்னார்கள், யாரால் என்று சொன்னார்கள்.

‘எப்போதாவது, சில சமயம், அடிக்கடி’ என்ற ஏணியும் அப்படித்தான். தினம் நடப்பதை யாரும் ‘அடிக்கடி’ என்பதில்லை, ‘அது இருக்கறதுதானே’ என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஏழு புளியங்கொட்டைகளைக் கொடுத்து, “போன வாரம் எத்தன நாள் தூக்கம் கெட்டுச்சோ, அத்தன கொட்டையைக் கிண்ணத்துல போடுங்க” என்று கேட்க ஆரம்பித்தேன். கொட்டைகள் வந்த பிறகுதான் ‘சில சமயம்’ என்பது சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு ஐந்து நாள் என்று தெரிந்தது.

*

பேராசிரியர் இன்னொரு விஷயத்தையும் என் தலையில் ஏற்றினார். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தகைவு என்றும் ஸ்ட்ரெய்னுக்குத் திரிபு என்றும் படித்திருப்போம். கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் உள்ளே தகைவு. அதனால் கம்பி நீள்வது திரிபு. ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1936இல் எலிகளைக் குளிரிலும் காயத்திலும் வதைத்துப் பார்த்து, காரணம் எதுவானாலும் உடம்பு ஒரே விதமாகத் துவளுவதைச் சொன்னார். பின்னாளில் அந்தத் துவளலுக்கு ஸ்ட்ரெஸ் என்ற சொல்லைப் பரப்பியவரும் அவர்தான். பிறகு அதை உண்டாக்குவதற்குத் தனிச்சொல் வேண்டியிருந்தது, ‘ஸ்ட்ரெஸ்ஸர்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். “நாம மன அழுத்தம்னு சொல்லி முடிச்சுட்டோம். தொங்கற எடையை யாரும் கேக்கறதில்ல, கம்பி ஏன் நீண்டுச்சுன்னு கம்பியையே கேக்கறோம்” என்றார் பேராசிரியர்.

அவர் படிக்கக் கொடுத்தது ராபர்ட் கராசெக் 1979இல் எழுதிய கட்டுரை. வேலை எவ்வளவு நெருக்குகிறது என்பது ஒரு பக்கம்; அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவு செய்ய உனக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மறுபக்கம். நெருக்கடி அதிகமாகவும் அதிகாரம் குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் ஆட்கள் துவளுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதிக வேலை மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை. பிறகு, உடன் வேலை செய்கிறவர்களின் ஆதரவு என்ற மூன்றாவது பக்கத்தையும் சேர்த்தார்கள்.

அதைப் படித்துவிட்டு ஆலைக்குள் போனபோது கண் வேறு மாதிரி பார்த்தது. ரிங் ஃபிரேமில் சைடராக நிற்கும் பெண் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறாள். இழை அறுந்த இடத்தில் எல்லாம் ஒட்ட வேண்டும். எந்த இழை எப்போது அறும் என்பது பஞ்சின் கையிலும் ஈரப்பதத்தின் கையிலும் இருக்கிறது. எத்தனை ஃபிரேம் பார்ப்பது என்பது மேஸ்திரியின் கையில். பாத்ரூம் போக வேண்டுமானால் மாற்றிவிட ஆள் வர வேண்டும். பகல், அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறுவது போர்டில் எழுதிப்போடுகிறவர் கையில். ‘கடந்த மாதம் பதற்றமாக உணர்ந்தீர்களா’ என்ற கேள்வியைத் தூக்கி வைத்துவிட்டு, “பாத்ரூம் போகணும்னா எவ்ளோ நேரம் காத்திருக்கணும்?” என்று கேட்டேன். முதல் கட்டத்தில் கோடு இழுத்த கைகள் பேச ஆரம்பித்தன. ஒருத்தி சொன்னாள்: “அதுக்குத்தாங்கா நாங்க தண்ணியே குடிக்கறதில்ல.”

தண்ணீர் குடிக்காமல் இருப்பதைக் கேட்கும் கேள்வி எந்த அளவுகோலிலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

திருப்பூருக்குப் போனபோது ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் கை கொடுத்தார். போடும் உழைப்புக்கும் வந்து சேரும் பலனுக்கும் உள்ள ஏறுமாறுதான் ஆளைத் தின்கிறது என்று 1996இல் அவர் வகுத்த கணக்கு, பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாத ஒன்று. அவர் சொன்ன பலன் கூலி மட்டும் இல்லை. மதிப்பு, வேலை நிலைக்குமா என்ற நிச்சயம் எல்லாம் அதில் சேர்த்தி. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் டைலரிடம் கேட்டால் ஒரு பதில். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு வரும்போது அதே ஆளிடம் கேட்டால் வேறு பதில். இரண்டு பதிலும் பொய் இல்லை. நான் தேதியைக் குறிக்க மறந்திருந்தேன்.

நம் நாட்டில் செய்த கருவிகளும் இருக்கின்றன. ஸ்ரீவாஸ்தவாவும் சிங்கும் 1981இல் பனாரஸில் உருவாக்கிய தொழில்சார் அழுத்தக் குறியீட்டில் 46 கூற்றுகள், 12 பிரிவுகள். உதய் பாரீக் செய்ததில் 50 கூற்றுகள். மேசை நாற்காலி உள்ள வேலைக்கு இரண்டும் நன்றாகப் பொருந்தும். ‘பொறுப்பு முரண்’ என்ற பிரிவை பனியன் கம்பெனியில் எப்படிக் கேட்பது என்று விழித்தேன். கடைசியில், “செக்கிங்ல ஒண்ணு சொல்லி, சூப்பர்வைசர் வேற ஒண்ணு சொல்றது உண்டா?” என்று கேட்டேன். அந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “டெய்லிங்க. ரெண்டு பேரு சொல்றதுக்கும் நடுவுல பிரிச்சுத் தெக்கறதுதான் என் பொழப்பு.”

அவர் சிரித்து முடித்ததும் மெஷினைப் பார்த்தார். என்னிடம் பேசிய ஐந்து நிமிடத்தில் எத்தனை பீஸ் போயிற்று என்று அவர் கண் கணக்குப் போட்டது தெரிந்தது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவரிடம் நாற்பது கேள்விகளை நீட்டுவது அவர் பையிலிருந்து காசு எடுப்பதற்குச் சமம். அதற்குப் பிறகு, கேட்கும் நேரத்துக்குக் கூலி போட நிர்வாகம் சம்மதித்தால் மட்டுமே தாளை எடுத்தேன்.

*

2008இல் சென்னையில் ஒரு கால் சென்டர். இங்கே வாசலில் மேஸ்திரி யாரும் நிற்கவில்லை. ஏசி அறை, கம்ப்யூட்டரில் படிவம், பெயர் கேட்கவில்லை. பாடம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்ற தெம்பில் இருந்தேன். படிவத்தின் தலையில் வயது, பால், டீம், எத்தனை வருட அனுபவம் என்று நான்கே விவரங்கள் கேட்டிருந்தேன். டீம் வாரியாக முடிவுகளை அட்டவணையாகப் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். “மேடம், பேர் கேக்கலைன்னுதானே சொன்னீங்க?” ஏழு பேர் கொண்ட டீம். அதில் முப்பது வயதைத் தாண்டிய பெண் அவள் ஒருத்திதான். மேனேஜர் கூப்பிட்டு, ‘உங்களுக்கு என்னம்மா பிரச்சினை, எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே’ என்று அன்பாகவே விசாரித்திருக்கிறார். அடுத்த அப்ரைசலுக்குள் அவள் வேலையை விட்டுவிட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டது அந்த ஒரு கேள்வி மட்டும்தான். மில் வாசலில் நின்ற மேஸ்திரியைக் கால் சென்டருக்கு நானே அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன், எக்ஸெல் அட்டவணைக்குள் உட்காரவைத்து.

நான் இப்படி அடிபட்டுக் கற்றது பிறகு ஒரு நாட்டில் சட்டமாகவே வந்தது. ஜப்பானில் 2015 டிசம்பர் முதல், ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கொரு முறை ஊழியர்களின் அழுத்தத்தை அளந்தாக வேண்டும். அரசு பரிந்துரைக்கும் வினாத்தாளில் 57 கேள்விகள். முடிவு முதலில் ஊழியருக்குத்தான் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளி கைக்குப் போகக் கூடாது. பிரிவு வாரியாகத் தொகுத்துக் கொடுப்பதாக இருந்தாலும், பத்துப் பேருக்குக் குறைவான குழுவைத் தனியே காட்டுவதில்லை. அந்தப் பத்து என்ற எண்ணைப் படித்தபோது ஏழு பேர் டீம் ஞாபகம் வந்தது.

இப்போது என் பழக்கங்கள் இவை. சரியான வயதைக் கேட்பதில்லை. பூட்டிய பெட்டி, சாவி என்னிடம். எல்லோருக்கும் ஒரே நிறப் பென்சில். கூடத்தில் மேற்பார்வையாளர் இருந்தால் தாளை எடுப்பதில்லை. முடிந்தால் கேட்டுக்கு வெளியே, விடுதியில், பஸ் நிற்கும் இடத்தில் கேட்பேன். எழுத விருப்பமில்லாதவர் வெறுந்தாளை மடித்துப் பெட்டியில் போடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பெட்டியைத் திறந்ததும் வெறுந்தாள்களைத்தான் முதலில் எண்ணுவேன்.

எண்ண முடியாதவர்களும் உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வராதவர்கள், அரை நைட் ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டவர்கள், அந்த கால் சென்டர் பெண். அளக்கப் போகும் நாளில் அங்கே இருப்பவர்கள் தாக்குப் பிடித்தவர்கள் மட்டுமே. அதனால்தான் போன வருடம் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்ற ஒரு எண்ணை நிர்வாகத்திடம் முதலில் கேட்டு வாங்கிவிடுவேன். அதைத் தரத் தயங்கும் இடத்தில் வினாத்தாளுக்கு வேலை குறைவு.

*

அளந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனையில் நர்ஸுகளிடம் கிறிஸ்டினா மாஸ்லாக்கின் அளவுகோலைப் பயன்படுத்தினோம். சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து அவர் 1981இல் வெளியிட்டது. மனம் வற்றிப்போவது, நோயாளியை ஒரு பெட் நம்பராகப் பார்க்கத் தொடங்குவது, நான் செய்ததில் ஏதும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது என்று மூன்றையும் தனித்தனியே அளக்கும். முதலாவது மிக உயரத்தில் இருந்தது. நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது: ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சுப்பயிற்சி முகாம், வருகைப் பதிவேட்டுடன். “அன்னிக்குத்தான் மேடம் எங்களுக்கு வீக்லி ஆஃப்” என்றார் ஒரு சிஸ்டர்.

இன்னொரு இடத்தில் கேள்விகளை பிரிட்டனின் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனம் 2004இல் கொண்டுவந்த முறைப்படி அமைத்தோம். 35 கேள்விகள், ஆறு தலைப்புகள்: வேலைச்சுமை, கட்டுப்பாடு, ஆதரவு, உறவு, பொறுப்பு, மாற்றம். எல்லாமே வேலையைப் பற்றியவை. கட்டுப்பாடு என்ற தலைப்பில்தான் பெரிய பள்ளம். என்ன என்று தோண்டினால், டியூட்டி ரோஸ்டரை முந்தின நாள் சாயங்காலம்தான் ஒட்டுகிறார்கள். பிள்ளையை யார் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என்று தினமும் ராத்திரி வீட்டில் சண்டை. பத்து நாள் முன்னால் ரோஸ்டரை ஒட்டத் தொடங்கினார்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

ஜவுளிக்கடைகளில் கேட்டபோது ‘வேலையிடத்தில் வசதிகள் போதுமானவை’ என்ற வரிக்கு எல்லோரும் ஆமாம் போட்டார்கள். “இன்னிக்கு எப்போ உக்காந்தீங்க?” என்று நேரில் கேட்டேன். பதில் சொல்ல யோசித்தார்கள். சாப்பிடும்போது என்றார்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தபோது, எந்த மன அளவுகோலாலும் பிடிக்க முடியாத ஒன்றைச் சட்டம் எழுதுகிறவர்கள் ஒரே வரியில் பிடித்துவிட்டார்களே என்று இருந்தது. இப்போது கடைக்குள் போனால் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதன்மேல் துணிக்கட்டு அடுக்கியிருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

*

சென்ற மாதம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி லேப்டாப்புடன் வந்தாள். ஒரு பெரிய தொழிற்சாலையில் நானூறு பேருக்கு மேல் போனிலேயே பதில் அனுப்பியிருக்கிறார்கள். நான் 1999இல் நாற்பது தாளுக்கு நாயாய் அலைந்ததை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். அதே பத்துக் கேள்விகள். தமிழ் இப்போது நன்றாக இருந்தது. யாரும் மாடியைப் பார்க்க வேண்டியதில்லை.

“சராசரி பதினாறு புள்ளி சொச்சம் மேடம். நடுத்தரம்” என்றாள்.

ஒருவர் பதில் சொல்ல எத்தனை நொடி எடுத்தார் என்பதை இந்தப் படிவம் பதிந்து வைக்குமா என்று கேட்டேன். வைக்கும் என்றாள். அந்தப் பத்தியை வரிசைப்படுத்தச் சொன்னேன். பத்துக் கேள்விகளுக்கும் இருபது நொடிக்குள் பதில் சொன்னவர்கள் மேலே வந்து நின்றார்கள். திரையில் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் முதல் கட்டம்.

அவள் முகம் சுருங்கியது. திட்டுவேன் என்று நினைத்திருப்பாள். என் பேராசிரியர் என்னிடம் கேட்டதை நான் வேறு வார்த்தையில் கேட்டேன். “லிங்க்கை யாரும்மா அனுப்பினாங்க?”

“ஹெச்ஆர் மேடம். சூப்பர்வைசருங்க இருக்கிற வாட்ஸப் குரூப்ல போட்டாங்க.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் அந்த ஊருக்குப் போனோம். பையில் தாள்கள் இருந்தன, எடுக்கவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், பகல் ஷிப்ட் விடும் நேரத்துக்குக் காத்திருந்தோம்.